எண்ணூர்ப் படத்துக்கு எத்தனை பதிப்பு?

(ராயபுரத்தில் இளம் ஒளிப்படக்காரர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் திறந்த கட்டடம். இந்தியாவில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. அந்த நிலையம் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்த காலத்தில், 1857, 58-ல், மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று கோயில் கோயிலாகச் சுற்றிப் படம் எடுத்தார். அன்றைய ரசாயனத்துக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். எப்பேர்ப்பட்ட மேகம் திரண்டிருந்தாலும் வானம் வெறும் தாளாகத்தான் அச்சில் விழும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? மெழுகேற்றிய காகித நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைகளையும் சில இடங்களில் திருத்தினார். தமிழ்நாட்டுக் கோபுரங்களுக்கு மேல் மிதக்கிற அந்த மேகங்கள் பல, அவர் கை போட்டவை.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய காகித நெகட்டிவ்கள் பல இன்றும் பாதுகாப்பாக இருப்பதால், எது வெயில் போட்டது, எது தூரிகை போட்டது என்று ஆய்வாளர்களால் பிரித்துச் சொல்ல முடிகிறது. மூலம் கையில் இருக்கிறது; திருத்தம் தெரிகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான். ஒரு படத்துக்கு எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பதிப்பும் தான் யாருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்ல வேண்டும், தன் ஒரிஜினலுக்குப் போகும் வழியையும் காட்ட வேண்டும்.

ட்ரைப்புக்குப் பிறகு நம் ஊர் ஸ்டுடியோக்கள் வந்தன. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பை மறைத்தார்கள், கண்ணுக்குக் கீழே விழுந்த நிழலை ஆற்றினார்கள், கறுப்பு வெள்ளை அச்சுக்குக் கையால் வண்ணம் பூசினார்கள். அந்த வேலையின் அழகை இன்று எந்த ஆப்பும் தொடவில்லை. ஆனால் அந்த நெகட்டிவ்களில் பெரும்பகுதி போய்விட்டது. வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போனது பாதி, மழையில் ஒட்டிப்போனது பாதி. மிஞ்சியதைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். அச்சு மட்டும் கிடைத்து நெகட்டிவ் கிடைக்காத கல்யாணப் படத்தில், மாப்பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இப்போது நம் கதைக்கு வருவோம். வடசென்னையில் கேமரா பிடிக்கிறவர்களுக்கு இந்த விஷயம் ஏன் மற்றவர்களைவிட முக்கியம்? நம் பகுதியில் எடுக்கிற படம் என்றைக்கு வேண்டுமானாலும் சாட்சியாக நிற்க வேண்டிவரும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரையில் எண்ணெய்க் கசடு வந்து ஒதுங்கியது. இளைஞர்களும் மீனவர்களும் பக்கெட்டால் அள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் சிலரே அள்ளியிருப்பீர்கள். பிறகு 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து அதை விசாரித்தது. அந்த வாரங்களில் எண்ணூரில் எத்தனை கேமரா, எத்தனை போன்! ஒவ்வொரு படமும் நாலைந்து விதமாக எடிட் ஆகி, வாட்ஸ்அப்பில் சுற்றி, பேப்பரில் வந்து, பேனரில் ஏறி, மனுவோடு இணைந்து போனது. ஒரே படம் ஓரிடத்தில் கருகருவென்று, இன்னோரிடத்தில் பழுப்பாக, மற்றோரிடத்தில் நீலமாக. எதிர்த்தரப்பில் ஒருவர் எழுந்து "இதில் எது உண்மையான நிறம்?" என்று கேட்டால், படம் எடுத்தவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

திரையில் ஒரு படத்தைப் போடுகிறேன். அந்த டிசம்பரில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நான் எடுத்தது. ஃபைபர் போட்டின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்து வலையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறார். முழங்கை வரை எண்ணெய். போட்டின் நீலப் பெயிண்டில் தண்ணீர் நின்ற மட்டம் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. இடது ஓரத்தில், கரையில், ஓர் அம்மா நிற்கிறார். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி எறா பிடிக்கிறவர், அன்றைக்கு இறங்க முடியாமல் நிற்கிறார். அவர் பக்கத்தில் ஒரு சிறுவன். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மங்கலாக.

கேமரா பதிவு செய்த மூலமான இந்த ஒரு ரா கோப்புக்கு, நான் எடிட் செய்கிற லைட்ரூம் மென்பொருளின் கேட்டலாகில் ஐந்து பதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதிப்புக்கு நான் வைத்த பெயர் 'சாட்சி'. அதில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. கிராப் கிடையாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிசெய்தேன், ஒயிட் பேலன்ஸை அந்த இடத்தில் வைத்து எடுத்த சாம்பல் அட்டையின் படத்தோடு ஒப்பிட்டு வைத்தேன், அவ்வளவுதான். சாச்சுரேஷன், கிளாரிட்டி, டீஹேஸ் எல்லாம் பூஜ்ஜியம்.

டீஹேஸைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். மலைக்காட்சி எடுக்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம், மூடுபனியை விலக்கிவிடும். எண்ணூரில் அந்த ஸ்லைடரை வலது பக்கம் தள்ளினால் என்ன ஆகிறது பாருங்கள். தூரத்துப் புகைபோக்கிகள் பளிச்சென்று நிற்கின்றன, ஆகாயம் நீலமாகிவிட்டது, கீழே எண்ணெய் தார் போலக் கறுத்துவிட்டது. ஒரே இழுப்பில் இரண்டு பொய். காற்றிலிருந்த தூசியை மென்பொருள் துடைத்துவிட்டது. தண்ணீரிலிருந்த எண்ணெயைக் கூட்டிவிட்டது. எண்ணூரில் அந்த மங்கல் அழகுக்குறை ஆகாது. அங்கே வாழ்கிறவர்கள் மூச்சில் இழுக்கிற காற்று அது. அதைத் துடைத்த படத்தை 'எண்ணூரின் நிலை' என்று எங்கேயும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, 'செய்தி'. நியூஸ்பிரிண்ட் தாளில் மை பரவும், நிழல் பகுதி அடைத்துக்கொள்ளும். கையில் அப்பிய எண்ணெய்க்கும் அவர் தோலின் கறுப்புக்கும் வித்தியாசமே தெரியாமல் ஒரே திட்டாக அச்சாகிவிடும். அதனால் அந்தப் பதிப்பில் நிழலைத் தூக்கியிருக்கிறேன், ஷார்ப்பனிங் கூட்டியிருக்கிறேன். திரையில் பார்த்தால் வெளிறிப்போனது போலத் தெரியும். பேப்பரில் சரியாக வரும். இந்தப் பதிப்பு தவறிப்போய்க் கண்காட்சிக்குப் போனால், பார்க்கிறவர்கள் 'எண்ணெய் இவ்வளவுதானா' என்று நினைப்பார்கள். ஆக, பதிப்புகள் இடம் மாறினால் கெடுவது அழகு மட்டும் இல்லை.

செய்திக்குக் கிராப்பும் கேட்டார்கள். நெட்டுவாக்கில் ஒரு பத்திக்குள் அடங்க வேண்டும். வெட்டினால் இடது ஓரத்து அம்மா போய்விடுகிறார். போட்டும் வலையும் உள்ளவர் மட்டும் மிஞ்சுகிறார். எண்ணூர் ஆற்றில் போட்டே இல்லாமல், வலையே இல்லாமல், வெறுங்கையால் எறா பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கிராப்பில் காணாமல் போகிறது. பாதிக்கப்பட்டவர் யார் என்று கணக்கெடுக்கிற நேரத்தில் இது சின்ன விஷயமா? வெட்டிய பதிப்போடு வெட்டாததையும் சேர்த்து அனுப்பினேன். படக்குறிப்பில் அந்த அம்மாவின் தொழிலையும் எழுதினேன். லைட்ரூமில் கிராப் எப்போதும் திரும்பப் பெறக்கூடியது; வெட்டிய பகுதி ரா கோப்பில் அப்படியே இருக்கும். ஆனால் ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்து அதை மட்டும் வைத்துக்கொண்டால், அந்த அம்மா போனது போனதுதான்.

மூன்றாவது, 'சுவர்'. கண்காட்சிக்கானது. மேட் தாளில், நான்கடி அகலத்தில். இங்கே நான் கை வைத்திருக்கிறேன். ஓரங்களை இருட்டாக்கினேன், வலையின் கண்ணிகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்படி அந்தப் பகுதியில் மட்டும் கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். இதற்கு நான் வெட்கப்படவில்லை. ஆன்செல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் போட்டார். ஆரம்பகால அச்சுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்து அச்சுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தில் வைத்து வலுவேற்றினார். ஒரே ராகத்தை ஒரே பாடகர் இருபது வயதில் பாடுவதும் அறுபதில் பாடுவதும் வேறு வேறு கச்சேரிதானே. கலைக்கு அந்த உரிமை வேண்டும். 'சுவர்' பதிப்பு மனுவோடு போகாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

நான்காவது, 'முகம் இல்லாதது'. சிறுவன் முகம் தெரியக் கூடாது என்று அவன் வீட்டில் பிறகு சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து வெளியே போகிற எல்லாப் பதிப்பிலும் அதை மதிக்க வேண்டும். லைட்ரூமில் முகத்தை மறைக்கிற வசதி சரியாக இல்லாததால் இதை மட்டும் ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோய்ச் செய்தேன். அங்கேதான் இடத்தின் கணக்கு வருகிறது. 24 மெகாபிக்சல் படம், ஒரு புள்ளிக்கு மூன்று வண்ணம், வண்ணத்துக்கு இரண்டு பைட். 16 பிட் டிஃப் கோப்பு ஏறக்குறைய 144 எம்பி. ஐந்து பதிப்பையும் டிஃப் ஆகப் போட்டால் ஒரே படத்துக்கு 720 எம்பி. ஆயிரம் படம் இருந்தால் ஹார்ட் டிஸ்க் என்ன ஆகும்? ஆகவே எது உண்மையிலேயே தனிக் கோப்பாக வேண்டுமோ அதை மட்டும் டிஃப் ஆக்குங்கள். மற்றவை கட்டளைகளாகவே இருக்கட்டும்.

ஐந்தாவது, 'வீடு'. போட்டில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "சார், எண்ணெய் தெரியாம ஒண்ணு குடுங்க, ஊட்ல மாட்றதுக்கு." அவர் முகத்தையும் போட்டின் நீலத்தையும் மட்டும் வைத்து, வெளிச்சமாக, வண்ணமாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். அந்தப் பேரிடர் அவர் வீட்டுச் சுவரிலும் தொங்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இதுவும் ஒரு முறையான பதிப்பு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோல் நிறத்தை நான் வெளுக்கவில்லை. கல்யாண ஆல்பம் செய்கிற நண்பர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பெண்ணைச் சிவப்பாக்கு, மாப்பிள்ளையைச் சிவப்பாக்கு என்று வீட்டார் கேட்பதும், முகத்தை வெளுக்கிற பிரீசெட் ஒன்று எப்போதும் தயாராக இருப்பதும் எனக்குத் தெரியும். பிழைப்பு இருக்கிறது, மறுக்க முடியாது. குறைந்தபட்சம், இயல்பான நிறத்தில் ஒரு பதிப்பை எடுத்து வையுங்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பெண்ணின் மகள் தன் அம்மாவை அம்மாவின் நிறத்தில் பார்க்க ஆசைப்படுவாள்.

சரி, இந்த ஐந்தையும் மென்பொருளுக்குள் எப்படி வைத்துக்கொள்வது? இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

லைட்ரூம் கிளாசிக்கில் நீங்கள் செய்கிற எடிட் எதுவும் ரா கோப்பைத் தொடுவதில்லை. 'வெளிச்சம் இவ்வளவு, கான்ட்ராஸ்ட் இவ்வளவு' என்கிற கட்டளைகளை மட்டும் கேட்டலாக் என்கிற தரவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து விர்ச்சுவல் காப்பி உருவாக்கினால், இன்னொரு கட்டளைத் தொகுப்பு பிறக்கிறது. தம்ப்நெயிலின் ஓரம் தாள் மடிந்தது போலக் காட்டும். அது எடுத்துக்கொள்கிற இடம் மிகமிகச் சொற்பம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அதற்கு அது தானாக வைக்கிற பெயர் 'காப்பி 1', 'காப்பி 2'. அப்படியே விட்டுவிடாதீர்கள். மெட்டாடேட்டா பகுதியில் காப்பிக்குப் பெயர் எழுத ஓர் இடம் இருக்கிறது. அங்கே 'சாட்சி', 'செய்தி', 'சுவர்' என்று எழுதுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது கோப்பின் பெயரிலேயே அது சேரும்படியும் அமைக்கலாம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் வைக்கிற பழக்கம் நம் எல்லாருடைய கணினியிலும் இருக்கிறது. எப்போது செய்தோம் என்பதை அந்தப் பெயர்கள் மழுப்பலாகவாவது சொல்லும். எதற்காகச் செய்தோம் என்பதைச் சொல்லவே சொல்லாது.

பலருக்குத் தெரியாத ஒன்று. விர்ச்சுவல் காப்பி கேட்டலாகுக்குள் மட்டும்தான் வாழும். படத்தோடு ஒட்டியிருக்கிற எக்ஸ்எம்பி கோப்பில் அது எழுதப்படாது. ரா கோப்புகளை எல்லாம் பத்திரமாக இரண்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, கேட்டலாகை மறந்தால், படம் இருக்கும். பதிப்புகள் ஒன்றுகூட இருக்காது. லைட்ரூம் மூடும்போது 'பேக்கப் எடுக்கவா' என்று கேட்கிறதே, நாம் அவசரத்தில் தள்ளிவிடுகிறோமே, அது கேட்டலாகைத்தான் எடுக்கிறது, படங்களை எடுப்பதில்லை. இரண்டையும் தனித்தனியாக நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். டெவலப் பகுதியில் ஸ்னாப்ஷாட் என்று இன்னொரு வசதி உண்டு. அதுவும் ஒரு பதிப்பைப் பெயரிட்டு நிறுத்தி வைப்பதுதான். ஆனால் ஸ்னாப்ஷாட், மெட்டாடேட்டாவைக் கோப்பில் சேமிக்கும்போது எக்ஸ்எம்பியோடு போகும். ஆகவே 'சாட்சி' பதிப்பை நான் ஸ்னாப்ஷாட்டாகவும் வைக்கிறேன். நாளைக்குக் கேட்டலாக் கெட்டாலும் அது படத்தோடு இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: மாஸ்டர் படத்தை நீக்கினால் அதன் விர்ச்சுவல் காப்பிகள் எல்லாம் சேர்ந்தே போகும்.

கேப்ச்சர் ஒன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை 'வேரியன்ட்' செய்கிறது. புது வேரியன்ட் என்றால் ஆரம்பத்திலிருந்து தொடங்கும்; குளோன் வேரியன்ட் என்றால் இதுவரை செய்ததைப் பிரதி எடுத்துத் தொடரும். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது, இலவசம். அதில் ஒரு நல்ல குணம்: ஒவ்வொரு நகலுக்கும் தனி எக்ஸ்எம்பி கோப்பு, படத்துக்குப் பக்கத்திலேயே, 01, 02 என்று எண்ணிட்டு எழுதிவிடும். ஃபோல்டரை அப்படியே இன்னொருவரிடம் கொடுத்தால் பதிப்புகளும் கூடவே போகும். கூட்டாக வேலை செய்கிற குழுவுக்கு இது மிகவும் நல்லது.

போனிலேயே எல்லாம் செய்கிறவர்கள்தான் இங்கே அதிகம். உங்களுக்கு ஒரே வேண்டுகோள். கூகுள் போட்டோஸிலும் ஸ்னாப்ஸீடிலும் முடிக்கும்போது, 'சேவ்' என்றும் 'காப்பியாகச் சேவ்' என்றும் வரும் இடத்தில் நிதானியுங்கள். காப்பியாகச் சேமியுங்கள். லைட்ரூமின் மொபைல் பதிப்பில் 'வெர்ஷன்ஸ்' என்றே ஒரு பகுதி உண்டு, பெயரிட்டு வைக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த நாள், நேரம், இடம் என்கிற விவரமும் உதிர்ந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். சுருங்கிய ஜேபெக்கைத் திறந்து எடிட் செய்து மறுபடி சேமித்து, அதை வேறொருவர் வாங்கி மறுபடி சேமித்து, நாலு கை மாறியதும் வலையின் கண்ணியெல்லாம் சதுரம் சதுரமாகக் கரைந்துவிடும்.

இப்போது நீதிமன்றப் பக்கம். டிஜிட்டல் ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் வலியுறுத்தியது. அப்போது அது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 63-ஆம் பிரிவு. புதுச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால் 64 எழுத்து, எண் வரும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்த 64-ம் தலைகீழாக மாறிவிடும். பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதில்லை என்று 2010-ஆம் ஆண்டின் அதன் சட்டமே சொல்கிறது. ஆனாலும் உங்கள் படம் தீர்ப்பாயத்தோடு நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் தருவது? மேல்முறையீடு உண்டு, குற்ற வழக்கு உண்டு.

ஆகவே கார்டிலிருந்து இறக்கிய அன்றைக்கே, லைட்ரூமைத் திறப்பதற்கு முன்பே, ரா கோப்புகளின் ஹாஷ் எடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவையுங்கள். விண்டோஸில் இதற்குக் கட்டளை உள்ளேயே இருக்கிறது. இதில் ஒரு நுட்பம்: கேனான், நிக்கான், சோனி ரா கோப்புகளை எடிட் செய்தால் மாற்றங்கள் பக்கத்திலுள்ள எக்ஸ்எம்பியில் போய் உட்காரும், ராவின் ஹாஷ் மாறாது. ஆனால் டிஎன்ஜி ஆக மாற்றியிருந்தாலோ ஜேபெக்கில் எடுத்திருந்தாலோ, மெட்டாடேட்டாவைச் சேமிக்கும்போது அது கோப்புக்குள்ளேயே எழுதப்படும். படம் மாறவில்லை, வெறும் படக்குறிப்பு சேர்த்தீர்கள், கைரேகை மாறிவிட்டது. போனில் எடுக்கிறவர்கள் இதனால்தான் தொடாத பிரதி ஒன்றைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒரிஜினல் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2012 நவம்பரில் ஸ்வீடன் நாட்டு ஒளிப்படக்காரர் பால் ஹான்சன் காஸாவில் ஓர் இறுதி ஊர்வலத்தை எடுத்தார். 2013-ல் அதற்கு வேர்ல்டு பிரஸ் போட்டோவின் தலைமை விருது கிடைத்தது. பத்திரிகையில் வந்த பதிப்பின் ஒளியும் போட்டிக்குப் போன பதிப்பின் ஒளியும் வேறாக இருந்தன. இது பல படங்களை ஒட்டியது என்று குற்றச்சாட்டு கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. ரா கோப்பைத் தடயவியல் வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஒளியும் நிறமும் திருத்தப்பட்டிருக்கின்றன, ஒட்டுவேலை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த ரா இல்லாமல் போயிருந்தால்? பிள்ளைகளைப் புதைக்கப் போன ஒரு குடும்பத்தின் துக்கமே பொய் என்று உலகம் பேசியிருக்கும். அதன் பிறகு விதிகள் இறுகின. 2015 போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரிஜினலோடு ஒத்துப்பார்த்தபோது வெளியே போனது. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், கேமராவிலேயே பதிவான ஜேபெக்கைத்தான் அனுப்ப வேண்டும், ராவிலிருந்து செய்தது வேண்டாம் என்று வெளி ஒளிப்படக்காரர்களிடம் சொல்லிவிட்டது. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேமராவுக்குள் இருக்கிற சிப்பும் ஓர் எடிட்டர்தான். அது கறுத்த தோலை என்ன செய்யும் என்று காசிமேட்டில் படம் எடுக்கிற நமக்குத் தெரியும். ரா இருக்கட்டும், பதிப்பும் இருக்கட்டும், இரண்டையும் கேட்டால் காட்டுவோம்.

மற்றவர்கள் எடுத்த படங்களை எடிட் செய்யும்போதும் இதே விதிதான். பாரி இணையதளத்தின் ஒளிப்படக்காரர் பழனி குமார் மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறார். அப்படி வருகிற பிள்ளைகளின் படங்களைக் கண்காட்சிக்கோ புத்தகத்துக்கோ எடிட் செய்கிற வாய்ப்பு உங்களுக்கு வந்தால், ஒன்றை மனதில் வையுங்கள். அந்தப் பிள்ளை தானே எடிட் செய்த பதிப்பு முதலில் இருக்க வேண்டும். அது சாய்ந்திருக்கலாம், இருட்டாக இருக்கலாம். அதன் மேல் உங்கள் பதிப்பை ஏற்றி எழுதிவிடாதீர்கள்; பக்கத்தில் வையுங்கள், பெயரோடு. எது சுவருக்குப் போகும் என்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, காலம். ஆப்பிளின் அபர்ச்சர் என்ற மென்பொருள் 2005-ல் வந்தபோது மாஸ்டர், வெர்ஷன் என்ற பிரிவையே அழகாகச் செய்திருந்தது. 2014-ல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். நம் ஊரில் எல்லார் கணினியிலும் இருந்த பிகாஸாவை கூகுள் 2016-ல் கைவிட்டது. பிகாஸா ஒரு நல்லது செய்திருந்தது: எடிட் செய்து சேமித்த படங்களின் ஒரிஜினலை, அதே ஃபோல்டருக்குள் மறைவாக ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தது. பழைய டிஸ்க்கில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பலருக்கு அங்கே புதையல் இருக்கும். லைட்ரூமும் தன் கணக்கிடும் முறையை அவ்வப்போது மாற்றுகிறது. பழைய படத்தைப் புது முறைக்கு மாற்றச் சம்மதித்தால், நீங்கள் அன்றைக்குப் பார்த்த நிறம் வராது. அதனால் 'சாட்சி'யும் 'சுவரும்' முடிந்ததும் அவற்றை மட்டும் டிஃப் ஆக நிலைப்படுத்தி, ரா, எக்ஸ்எம்பி, ஹாஷ் பட்டியல், படக்குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில், இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில், இன்னொன்று வேறொரு வீட்டில். நம் தெருக்களில் டிசம்பர் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இரண்டும் இருக்க வேண்டாம்.

2017-ல் எர்ணாவூர்க் கரையில் பக்கெட்டோடு நின்ற நாட்களில் எடுத்த படங்கள் இந்த அரங்கில் உள்ள பலரிடம் இன்னும் போனிலும் மெமரி கார்டிலும் கிடக்கின்றன. யாரும் வரிசைப்படுத்தவில்லை, எது ஒரிஜினல், எது ஃபார்வேர்டில் வந்தது என்று பிரிக்கவில்லை. பின்பக்க மேசையில் இரண்டு லேப்டாப்பும் கார்டு ரீடரும் வைத்திருக்கிறோம். டார்க்டேபிள் ஏற்றியிருக்கிறது. கொண்டு வந்தவர்கள் டீ முடிந்ததும் அங்கே வாருங்கள். முதலில் ஹாஷ் எடுப்போம், பிறகு திறப்போம்.